'மறுபடியும்' என்பதை ஐஸ்லாந்திய மொழியில் சொல்வது எப்படி?

படிக்கவோ வேலைக்கோ ஐஸ்லாந்தில் வந்து இறங்கியவர்கள் எல்லோரும் முதல் வாரம் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். கைப்பேசியில் ஆங்கிலச் சொல்லைத் தட்டுவது, வந்து விழும் ஐஸ்லாந்தியச் சொல்லை அப்படியே கடையில் ஒப்பிப்பது. பால், ரொட்டி, குடை வரைக்கும் இது ஓடும். 'அகெய்ன்' என்று தட்டிப் பாருங்கள், அங்கே வண்டி நின்றுவிடும். நாலைந்து விடைகள் வரும். எது கோபத்தில் சொல்வது, எது செய்தி வாசிப்பவர் சொல்வது, எது கதவைச் சாத்தச் சொல்வது என்று ஒரு குறிப்பும் இருக்காது.

திரும்பத் திரும்ப நடப்பதைச் சொல்லும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை வேளை, குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பது, புரியாததை இன்னொரு தடவை சொல்லச் சொல்வது என்று புதிதாக வந்தவருக்கு வேண்டிய பாதி விஷயம் இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. ஒரு யோசனையும் உண்டு. இந்தச் சொற்களுக்கு ஆங்கில வாசல் வழியாகப் போகாதீர்கள். பல இடங்களில் தமிழ் வாசல்தான் பக்கம்.

முதல் நாளே வேண்டியது: "என்ன சொன்னீங்க?"

ஒருவர் பேசியது புரியவில்லை என்றால் ஐஸ்லாந்துக்காரர்கள் சொல்வது ஒரே எழுத்து: "ஹா?" ஆங்கிலப் பழக்கத்தில் இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். இங்கே அப்படி இல்லை, பேராசிரியரிடமும் சொல்லலாம், வங்கியிலும் சொல்லலாம். நம்மூரில் "ஆங்?" என்று கேட்பதைப் போலத்தான்.

கொஞ்சம் நீளமாகக் கேட்க வேண்டுமானால் "க்வாத் ஸக்திர்து?" என்பது 'என்ன சொன்னாய்?'. (இந்த மொழியில் இன்றைக்கு நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. எல்லோரும் 'நீ'தான், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.) இதில் இறந்தகாலம் முக்கியம். நான் முதல் மாதம் ஒரு பேக்கரியில் நிகழ்காலத்தில் "க்வாத் ஸேயிர்து?" என்று கேட்டுவிட்டேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே "பாரா ஃபீன்ட்" என்றாள். நான் மறுபடி அதையே கேட்டேன். அவளும் மறுபடி "பாரா ஃபீன்ட்" என்றாள், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. விஷயம் என்னவென்றால், 'என்ன சொல்கிறாய்?' என்பது இங்கே நலம் விசாரிக்கும் வாக்கியம். அவள் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று இரண்டு தடவை பதில் சொல்லியிருக்கிறாள். ரொட்டி என்ன விலை என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை, அட்டையைத் தேய்த்துவிட்டு வந்தேன்.

பாதுகாப்பான வாக்கியம் இது: "கெடுர்து ஸக்ட் தெஹ்டா அஃப்டுர்?" இதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா? கூடவே "ஹைகர்" என்று சேர்த்தால் 'மெதுவாக'. நீங்கள் தடுமாறுவது தெரிந்த உடனே எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அவர் நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் உங்கள் படிப்பு அதோடு நின்றுபோகும். "யேக் எர் ஆத் லைரா ஈஸ்லென்ஸ்கு", அதாவது ஐஸ்லாந்திய மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் பொறுமையாகத் திரும்பச் சொல்வார்கள்.

பலகையில் பார்ப்பதைக் காதில் கேட்பதோடு பொருத்துவது

சொற்களுக்குள் போகும் முன் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், ஒலிப்பை ஒட்டித்தான் தருகிறேன். பெயர்ப்பலகையில் அடையாளம் காண இது போதும்: ஆங்கில 'ஏ' எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருந்தால் அதன் ஒலி நம் ஔ. 'ஏ'யும் 'ஈ'யும் ஒட்டிப் பிறந்த எழுத்து நம் ஐ. இரண்டும் நம் அரிச்சுவடியிலேயே இருப்பவை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த இரண்டில் திணறுவதைப் பார்த்தால் நமக்கு ஒரு சின்னத் திமிர் வரும், வரட்டும். 'பி' எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பு நீண்டது போல ஒன்று இருக்கும், அதுவும் குறுக்குக்கோடு போட்ட 'டி'யும் (ð) இங்கே 'த' என்று எழுதியிருப்பவை. நாக்குநுனியைப் பல்லில் தொட்டு காற்றை விட வேண்டும்.

இன்னும் இரண்டு விதி. 'ஹெச்'சும் 'வி'யும் சேர்ந்து வந்தால் 'க்வ'. இரட்டை 'பி', 'டி', 'கே' (pp, tt, kk) வந்தால் அதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு: நன்றி என்பது 'டக்' இல்லை, 'டஹ்க்'. அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

அஃப்டுர் என்றால் 'திரும்ப'

'அகெய்ன்' என்பதற்கு முதலில் கற்க வேண்டிய சொல் அஃப்டுர். இதை ஆங்கிலத்தோடு பொருத்தினால் குழப்பம், தமிழோடு பொருத்தினால் தெளிவு. தமிழில் 'திரும்ப' என்ற சொல் என்ன செய்கிறது? 'திரும்ப வா' என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வா என்றும் இருக்கலாம், இன்னொரு தடவை வா என்றும் இருக்கலாம். 'மீண்டும்' என்ற சொல்லும் மீள்வதிலிருந்து பிறந்ததுதான். பின்னால் திரும்புவதும் மறுபடி நடப்பதும் நமக்கு ஒரே வேர். ஐஸ்லாந்தியத்திலும் அதே கதை. "கொம்து அஃப்டுர்" என்பது 'திரும்ப வா'. இரண்டு பொருளும் உண்டு, சந்தர்ப்பம்தான் பிரித்துக் காட்டும். காரில் "அஃப்டுர் ஈ" என்றால் பின்சீட்டில். சந்தேகமில்லாமல் 'போன இடத்திலிருந்து' என்று சொல்ல வேண்டுமானால் "டில் பாகா" என்று ஒன்று உண்டு. அது கிளம்பிய இடத்துக்குத் திரும்புவதை மட்டுமே குறிக்கும்.

ஆனால் அஃப்டுருக்கு மூன்றாவது முகம் ஒன்று இருக்கிறது, அதைத் தமிழும் காப்பாற்றாது. சாத்தியிருக்கும் கதவும் 'அஃப்டுர்'தான். ஜனவரியில் ஒரு நாள், வெளியே பனிக்காற்று, வீட்டுக்காரப் பாட்டி உள்ளேயிருந்து "லௌஹ்டு அஃப்டுர் ஹுர்தினா!" என்று குரல் கொடுத்தார். எனக்குக் கேட்டது 'மறுபடியும்', 'கதவு' என்ற இரண்டு சொல்தான். பாதி திறந்திருந்த கதவை முழுக்கத் திறந்து, மூடி, மறுபடி திறந்து நின்றேன். பாட்டி எழுந்து வந்து தானே சாத்திவிட்டுப் போனார். 'லௌடா அஃப்டுர்' என்றால் சாத்துவது. கண்ணை மூடுவதற்கும் இதே வினை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், மருத்துவமனையில் காதில் விழும். "ஹோனும் ஃபெர் அஃப்டுர்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அவருக்குப் பின்னால் போகிறது'. உடம்பு மோசமாகி வருகிறது என்று பொருள். இதன் எதிர்ப்பதம் 'ஃப்ரம்', முன்னால். மொழி வகுப்பில் ஆசிரியர் "த்யேர் ஃபெர் ஃப்ரம்" என்றால் நீங்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறீர்கள், சந்தோஷப்படலாம்.

அஃப்டுரின் பங்காளிகள் சிலர் உண்டு. 'ஔ நீ' என்பதும் 'ஔ நீயன் லேய்க்' என்பதும் செய்தித்தாள் நடை, நம் 'மீண்டும்' போல. பேச்சில் அதிகம் வராது. 'உஹ்ப் ஔ நீஹ்ட்' மட்டும் தனி: முதலிலிருந்து, அடியோடு புதிதாக. படிவத்தை "அஃப்டுர்" நிரப்பு என்றால் இன்னொரு தடவை நிரப்பு என்று மட்டும்தான் ஆகும். "உஹ்ப் ஔ நீஹ்ட்" என்றால் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆரம்பி என்று அர்த்தம். அலுவலகங்களில் இந்த இரண்டாவதைக் கேட்டால் பெருமூச்சு விடுவது நியாயமே.

எந்துர் என்றால் 'மறு', வாத்தும் கூட

ஆங்கிலத்தின் 'ரீ' என்ற முன்னொட்டு லத்தீன் வழி வந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் லத்தீன் சொற்களை அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்ள விரும்புவதில்லை. புதுப் பொருள் வந்தால் பழைய சொல்லைத் தூசி தட்டிப் புதுச்சொல் கட்டுவார்கள், நம் கலைச்சொல்லாக்கக்காரர்களைப் போல. ஆனால் இங்கே அப்படிக் கட்டியதில் பலவற்றைச் சந்தையிலும் பயன்படுத்துகிறார்கள். 'ரீ'க்கு அவர்கள் எடுத்தது ஐஸ்லாந்தியத்தின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியிலேயே 'மறுபடி' என்ற பொருளில் இருந்த சொல்: எந்துர்.

இங்கேதான் தமிழ் வாசல் அகலமாகத் திறக்கிறது, ஏனென்றால் நம்மிடம் 'மறு' இருக்கிறது. வரிசையாக வைத்துப் பாருங்கள். மறுசுழற்சி: எந்துர்வின்ஸ்லா. மறுதேர்வு: எந்துர்டொகுப்ரோஃப். மறுபதிப்பு: எந்துர்ப்ரென்டுன். மறுமலர்ச்சி, அதாவது ஐரோப்பிய வரலாற்றுக் காலகட்டம்: எந்துர்ரேய்ஸ்ன். விபத்துக்குப் பின்னான மறுவாழ்வுப் பயிற்சி: எந்துர்ஹைவிங். மறுபிறவிக்குக் கூட ஒன்று உண்டு, 'எந்துர்ஹோல்ட்குன்'. இதில் 'ஹோல்ட்' என்பது சதை, ஆக மறுபடி சதை பூணுவது. ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்வதைவிட 'மறு'வை எடுத்துவிட்டு 'எந்துர்' போட்டுப் பாருங்கள். பத்துக்கு ஏழு தடவை பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

நடைமுறையில் முதலில் கண்ணில் படப்போவது எந்துர்வின்ஸ்லாதான். பானப் பாட்டில்களையும் டின்களையும் வாங்கும்போதே ஒரு வைப்புத்தொகை சேர்த்து வாங்கிவிடுவார்கள், காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு கையில் வரும். 1989-இல் இதற்கென்றே தொடங்கிய நிறுவனத்தின் பெயரே 'எந்துர்வின்ஸ்லன்', 'அந்த மறுசுழற்சி' என்பதுதான். மாணவர் விடுதிகளில் சனிக்கிழமை காலை பெரிய பைகளோடு கிளம்புகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

அதைவிட முக்கியமானது எந்துர்நீயா, புதுப்பிப்பது. "எந்துர்நீயுன் ட்வாலர்லேய்விஸ்" என்ற தலைப்பில் கடிதமோ இணையப் படிவமோ வந்தால் அது குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பது பற்றியது. அன்றைக்கே கவனியுங்கள். பணம் திரும்ப வர வேண்டுமா? எந்துர்க்ரேய்த்ஸ்லா. கணினி உறைந்துவிட்டதா? எந்துர்ரைசா. குளிர்காலத்தில் குழந்தைகளின் கோட்டில் ஆடும் பளபளப்புத் தகடு எந்துர்ஸ்கின்ஸ்மெர்க்கி. 'ஸ்கின்' என்றால் ஒளிர்வது, விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் அடையாளம். டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 4 மணி நேரம்தான், பெரியவர்களும் ஒன்று மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு சொல்லில் மட்டும் நிதானம் தேவை. எந்துர்ஸ்கோதுன் என்பது மறுஆய்வும்தான், கணக்குத் தணிக்கையும்தான். தணிக்கையாளர் எந்துர்ஸ்கோதந்தி, அரசின் தலைமைத் தணிக்கை அலுவலகம் ரீகிஸ்எந்துர்ஸ்கோதுன். வேலை ஒப்பந்தத்தில் 'எந்துர்ஸ்கோதுன்' வருகிறது என்றால் உங்கள் கணக்கைத் தோண்டப்போகிறார்கள் என்று அலற வேண்டாம், சம்பளத்தை மறுபரிசீலனை செய்வார்கள் என்பதாக இருக்கலாம்.

சரி, வாத்து எங்கே வந்தது? வாத்துக்கு இங்கே 'ஒண்ட்'. அதன் பன்மை 'எந்துர்'. எழுத்தும் ஒலிப்பும் அச்சு அசல் அதேதான். ரெய்க்யவிக் நடுவில் ட்யொட்னின் என்ற குளம் இருக்கிறது, குழந்தைகள் வாத்துகளுக்கு ரொட்டி போடும் இடம். அங்கே நின்று 'எந்துர்' என்றால் வாத்துகள். நாலு தெரு தள்ளிப் போய் 'எந்துர்வின்ஸ்லா' என்றால், கேட்கிற காதைப் பொறுத்து, மறுசுழற்சி அல்லது வாத்துப் பதப்படுத்தும் ஆலை. இதைச் சிரிப்பாகச் சொன்னால் உள்ளூர்க்காரர்களுக்கும் பிடிக்கும். நாமும் சிரிக்கலாம், ஆனால் நம் 'மறு'வும் தோலில் இருக்கும் மச்சம்தானே.

'ரீ' போட்ட ஆங்கிலச் சொல் எல்லாவற்றையும் எந்துரால் மொழிபெயர்க்க முடியாது. உணவைச் சூடுபடுத்துவது "ஹிடா உஹ்ப்", பாடத்தைத் தேர்வுக்கு முன் புரட்டிப் பார்ப்பது "ரிவ்யா உஹ்ப்". இரண்டிலும் வேலை செய்வது 'உஹ்ப்', மேலே என்ற சொல். வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது 'ஸ்கிலா'. பல தடவை பயன்படும் துணிப்பைக்கு 'ஃப்யொல்நோடா', பல பயன் என்ற சொல். ஒரு தடவையோடு தூக்கிப் போடுவது 'ஏய்ன்நோடா'.

எத்தனை தடவை, எத்தனை நாளைக்கு ஒரு தடவை

எண்ணிக்கை எளிது, ஆனால் முதல் மூன்றும் தனித்தனி ஜாதி. ஒரு தடவை 'ஏய்னு சின்னி', இரண்டு தடவை 'ட்விஸ்வர்', மூன்று தடவை 'த்ரிஸ்வர்'. நாலிலிருந்து 'சின்னும்' வால் ஒட்டிக்கொள்ளும்: ஃப்யோரும் சின்னும், ஃபிம் சின்னும் என்று போய்க்கொண்டே இருக்கலாம். வாய்ப்பாட்டிலும் இதே சின்னும்தான் பெருக்கல் குறி. குழந்தைகளுக்கான கதைகள் "ஏய்னு சின்னி வார்" என்று தொடங்கும். 'ஒரு தடவை இருந்தது', நம் 'ஒரே ஒரு ஊரிலே'.

'ஒரு நாளைக்கு' என்பதற்கு "ஔ டாக்", 'வருடத்துக்கு' என்பதற்கு "ஔ ஔரி". வாரத்துக்கும் மாதத்துக்கும் பெரும்பாலும் 'ஔ' மாறி 'ஈ' வரும்: "ஈ விகு", "ஈ மௌனுதி". மருந்துக் கடையில் கொடுக்கும் டப்பாவில் "ஏய்ன் டப்லா ட்விஸ்வர் ஔ டாக்" என்று ஒட்டியிருந்தால் தினம் இரண்டு வேளை ஒரு மாத்திரை.

இடைவெளியைச் சொல்ல ஒரு அழகான கட்டுமானம் இருக்கிறது: 'ஔ … ஃப்ரெஸ்டி'. நடுவில் நேர அளவை வைத்துவிட வேண்டும். "ஔ ஃபிம்டௌன் மீனூட்னா ஃப்ரெஸ்டி" என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, பேருந்து நிறுத்தத்தில் இதைப் பார்க்கலாம். "ஔ ஔஹ்டா டீமா ஃப்ரெஸ்டி" என்றால் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 'ஃப்ரெஸ்டுர்' என்றால் கெடு, அவகாசம். ஆக இரண்டு பேருந்துக்கு நடுவே கிடைக்கும் அவகாசம் என்று மனதில் வைத்தால் மறக்காது. அந்தப் பெயர்ச்சொல்லே பல்கலைக்கழகத்தில் 'ஸ்கிலஃப்ரெஸ்டுர்' என்று, கட்டுரை ஒப்படைக்கும் கெடுவாக வந்து மிரட்டும்.

இப்போது நிஜமான பள்ளம். 'நாள் விட்டு நாள்' என்பதற்கு "ஆன்னன் க்வெர்ன் டாக்". சொல்லுக்குச் சொல் 'ஒவ்வொரு இரண்டாவது நாளும்'. வாரம் என்றால் பெண்பால், ஆகவே உருவம் மாறி "ஆத்ரா க்வேர்யா விகு". வருடம் அஃறிணைப் பால், "ஆன்னத் க்வெர்ட் ஔர்". மூன்றையும் முழுசாக, பாட்டு மாதிரி மனப்பாடம் செய்வதுதான் வழி. வாய்க்கு வந்துவிட்டால் இலக்கணம் பிறகு தானே புரியும். பள்ளம் இதுவல்ல. 'க்வெர்ன்' என்பதில் ஓர் உயிரொலி மாறி 'க்வோர்ன்' ஆகிவிட்டால், அதாவது "ஆன்னன் க்வோர்ன் டாகின்" என்றால், 'இரண்டு நாளில் ஏதோ ஒரு நாள்' என்று பொருள். நாள் விட்டு நாள் வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பகுதிநேர வேலைக்காரர், இரண்டில் ஒரு நாள் மட்டும் வருவதாகச் சொன்னவர் ஆகிவிடுவார். சந்தேகமாக இருந்தால் கிழமைகளைச் சொல்லிவிடுங்கள்: திங்கள், புதன், வெள்ளி. வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழில் சொல்லை இரட்டித்து நாம் செய்வதை இங்கே நடுவில் ஓர் உருபு வைத்துச் செய்கிறார்கள். தினந்தினம் என்பது "டாக் எஃப்டிர் டாக்", நாளுக்கு நாள் என்பது "டாக் ஃப்ரௌ டேயி", வீடு வீடாக என்பது "ஹூஸ் ஊர் ஹூசி", கொஞ்சம் கொஞ்சமாக என்பது "ஸ்மௌஹ்ட் ஓ ஸ்மௌஹ்ட்". அப்படியே இரட்டிப்பதும் இல்லாமல் இல்லை. விடைபெறும்போது "ப்லெஸ் ப்லெஸ்" என்பார்கள், தொலைபேசியில் அது நாலு ப்லெஸ் வரைக்கும் போகும்.

சலிப்பும் எரிச்சலும்

ஒரே செயல் திரும்ப நடப்பதைச் சாதாரணமாகச் சொல்வதற்கும் அலுத்துப்போய்ச் சொல்வதற்கும் சொல் வேறு. இதை எந்த மொழிபெயர்ப்புச் செயலியும் எனக்குச் சொல்லவில்லை. சொல் வரிசையே போதும்: "ஏய்னு சின்னி என்" என்றால் 'இன்னும் ஒரே ஒரு தடவை', சாதுவான வேண்டுகோள். அதே மூன்று சொல்லைப் புரட்டி "என் ஏய்னு சின்னி" என்றால் 'மறுபடியுமா!'. வீட்டு உரிமையாளர் எழுதிய மின்னஞ்சல் இந்த இரண்டாவதில் தொடங்கினால் குப்பைத்தொட்டி விவகாரம் மறுபடி வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

"க்வாத் எஃப்டிர் ஆன்னத்" என்றால் அடுத்தடுத்து, விடாமல். "ஈட்ரெக்கத்" என்பதும் அதே பொருள்தான், ஆனால் காவல்துறை அறிக்கை நடை. அதன் பெயர்ச்சொல் 'ஈட்ரெக்குன்' உங்கள் தபால் பெட்டியில் வரக்கூடும். கட்ட மறந்த பில்லுக்கான நினைவூட்டல் அது. தலைப்பில் அந்தச் சொல் இருந்தால் உறையை மேசையில் போட்டுவிட்டுக் காப்பி போடப் போகாதீர்கள்.

எனக்குப் பிடித்தது 'ஸீ ஓ ஐ'. எப்போது பார்த்தாலும், சதா சர்வகாலமும் என்று பொருள். இதில் அந்த ஒற்றை எழுத்து 'ஐ' ஒரு முழுச்சொல், 'என்றும்' என்பது அதன் பொருள். "ஐ ஓவன் ஈ ஐ" என்று இன்னொரு தொடர், 'என்றும் என்பதன் மேல் என்றும்', அதாவது திரும்பத் திரும்ப. ஓரெழுத்து ஒருமொழியை நாம் இலக்கண வகுப்பில் படித்தோம், இங்கே தெருவில் கேட்கிறோம். அன்றாடப் பேச்சில் இன்னும் எளிய வழி 'ஆல்டாஃப் ஆத்'. "ஹூன் எர் ஆல்டாஃப் ஆத் க்வர்டா" என்றால் 'அவள் எப்பவும் குறை சொல்லிக்கிட்டே இருக்கா'. நம் 'கிட்டே இரு' செய்யும் வேலையை இது செய்துவிடுகிறது.

சொன்னதையே சொல்கிறவர்களுக்கு இங்கே பல்லோடு சம்பந்தப்பட்ட சொற்கள். 'டொன்லஸ்ட் ஔ' என்பது ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்வது, 'டொன்' என்றால் பல். தேய்ந்துபோன பேச்சு 'டுகா', ஏற்கெனவே மென்ற கவளம். நாம் அரைத்த மாவை அரைக்கிறோம், அவர்கள் மென்றதை மெல்லுகிறார்கள். எந்த முன்னேற்றமும் இல்லாமல் ஒரே தடத்தில் உழன்றுகொண்டிருந்தால் "ஹ்யஹ்கா ஈ ஸாமா ஃபாரினு". துன்பம் அடுத்தடுத்து வந்தால் "ஸ்யால்டன் எர் ஏய்ன் பௌரன் ஸ்டொக்", ஒற்றை அலை வருவது அபூர்வம். மீனவர் நாட்டுப் பழமொழி. 'பட்ட காலிலே படும்' என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் கடலில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிரொலி என்பதற்கும் ஒரு சொல் உண்டு: பெர்க்மௌல். 'பெர்க்' பாறை, 'மௌல்' மொழி. பழைய நோர்ஸில் இதற்கே 'குள்ளர் பேச்சு' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது, பாறைக்குள் குடியிருக்கும் குள்ளர்கள் நம் குரலைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்ற நம்பிக்கையில். பயன் என்ன என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. சும்மா தெரிந்திருக்கட்டும்.

பின்னல் ஊசியோடு ஒரு பாடம்

வகுப்பில் ஆசிரியர் "ஹ்லுஸ்டித் ஓ எந்துர்டாகித்", கேளுங்கள், திரும்பச் சொல்லுங்கள் என்பார். எந்துர்டாகா என்ற வினை எனக்கு மண்டையில் ஏறியது அங்கே இல்லை, ஒரு பின்னல் தாளில். ஐஸ்லாந்தின் வட்டக்கழுத்துக் கம்பளிச் சட்டை, லோபபேய்சா, பார்த்திருப்பீர்கள். தோளைச் சுற்றி ஒரே பூவேலை வட்டமாக ஓடும். கதவு சாத்தச் சொன்ன அதே பாட்டி ஒரு மாலை தன் தாளை என் பக்கம் தள்ளினார். கட்டம் கட்டமாக வரைபடம், அதன் கீழே ஒரு நட்சத்திரக் குறி, பிறகு "எந்துர்டாகித் ஃப்ரௌ ஸ்ட்யொட்னு": நட்சத்திரத்திலிருந்து திரும்பச் செய்யவும். அவர் ஊசியால் கண்ணிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார், வெள்ளை மூன்று, கறுப்பு ஒன்று, வெள்ளை மூன்று, கறுப்பு ஒன்று. ஒவ்வொரு தடவை நட்சத்திரத்துக்குத் திரும்பும்போதும் "ஓ அஃப்டுர்" என்று முணுமுணுத்தார். நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன், அவர் விடவில்லை.

பின்னல் கண்ணிக்கு 'லிஹ்க்யா' என்று பெயர். கணினி நிரலில் ஒரே கட்டளை சுழன்று சுழன்று ஓடும் அமைப்புக்கும் இங்கே அதே பெயர்தான். மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள் இந்தச் சொல்லை அலுவலகத்தில் ஒன்றாகவும் பாட்டியிடம் ஒன்றாகவும் பயன்படுத்தலாம்.

வினை மாறும் விதம் மட்டும் கவனம். எந்துர்டாகா, நிகழ்காலத்தில் 'எந்துர்டெக்', இறந்தகாலத்தில் 'எந்துர்டோக்', முடிந்ததற்கு 'எந்துர்டெகித்', பெயர்ச்சொல் 'எந்துர்டெக்னிங்'. நடு உயிர் ஆ, எ, ஓ என்று மாறுகிறது. 'டாகா', எடுப்பது என்ற அடிப்படை வினையைக் கற்றுவிட்டால் இது இலவசம்.

அகராதியை எப்படிப் பார்ப்பது

ஆங்கிலம்-ஐஸ்லாந்தியம் தேடிவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். கிடைத்த சொல்லை, ஐஸ்லாந்திய மொழி ஆய்வுக்கான ஔர்னி மக்னூசன் நிறுவனத்தின் தற்கால மொழி அகராதியில் போட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள், இலவசம்தான். அதே நிறுவனம் சொல் உருமாற்றத்துக்கென்று 'பீன்' என்ற தளம் வைத்திருக்கிறது. வழியில் பார்த்த எந்த உருவத்தைப் போட்டாலும் அது எந்தச் சொல்லின் எத்தனையாவது வேற்றுமை என்று முழு அட்டவணையே விரியும். 'எந்துர்' என்று அங்கே தேடினால் வாத்து வந்து நிற்கும். முதலிலிருந்து படிக்க ரெய்க்யவிக்கில் உள்ள ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2004 முதல் நடத்தும் இலவச இணையப் பாடம் இருக்கிறது. மெதுவாகப் போகும், ஆனால் ஒழுங்காகப் போகும்.

பழகும் முறையில் என் பரிந்துரை ஒன்றுதான்: ஒரு வாரத்துக்கு ஒரு வாக்கியம், அதைத் தினமும் ஒரு நிஜ மனிதரிடம் சொல்வது. சங்கடமாக இருந்தால் அவர்களுடைய பழமொழியையே கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம்: "ஆல்ட்ரேய் எர் கோவ்த் வீசா ஓவ் ஓஃப்ட் க்வேதின்". நல்ல பாட்டை எத்தனை தடவை பாடினாலும் அதிகமில்லை. இதில் வரும் வீசா நாலடிப் பாட்டு, தூதரகத்தில் வாங்கும் விசா அல்ல. என் முதல் மூன்று மாத மனநிலையில் எனக்கு அது தலைகீழாகத்தான் கேட்டது.

கடைசியாக ஒரு தொடர், எந்த ஆங்கிலச் சொல்லைத் தட்டினாலும் கிடைக்காதது. ஒருவர் வீட்டில் சாப்பிட்டீர்கள், அல்லது சேர்ந்து ஒரு விழாவுக்குப் போனீர்கள். அடுத்த தடவை அவரைத் தெருவில் பார்க்கும்போது முதலில் சொல்ல வேண்டியது "டஹ்க் ஃபிரிர் ஸீதஸ்ட்", 'போன தடவைக்கு நன்றி'. வாரம் ஒன்று போனாலும் மாதம் இரண்டு போனாலும் சொல்லலாம். பதிலுக்கு அவர் "ஸொமுலேய்திஸ்", 'உனக்கும் அதே' என்பார். பாட்டி வீட்டைக் காலி செய்து நான் வேறு இடம் போய் ஆறு மாதம் கழித்து நீச்சல்குள வாசலில் அவரைப் பார்த்தேன். இதைச் சொன்னேன். அவர் "ஸொமுலேய்திஸ்" என்றார், அப்புறம் எனக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவைக் காட்டினார். இந்தத் தடவை சரியாகச் சாத்தினேன்.